முதலில் கிழித்தது அட்டையைத்தான்

மாத நாவலை நாம் படித்த விதத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்துவிடலாம். பஸ் நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகத்தை அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினோம். பஸ்ஸில் உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் படக் கூடாது என்று அதே அட்டையைப் பின்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டோம். வீட்டு வாசலை எட்டும்போது அது பைக்குள் போயிற்று. உள்ளே பெரியவர்கள் இருந்தால் மேலே தினத்தாள் சுற்றிக்கொண்டது. சிலர் அந்தச் சிரமமே வேண்டாம் என்று அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கும் புத்தகமாக அதை வைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போயின. உள்பக்கங்களாவது கடலைப் பொட்டலமாகி இன்னொரு முறை யார் கையிலாவது படிக்கப்பட்டன. வழவழப்பான அட்டை பொட்டலம் மடிக்கவும் தோதுப்படாது.

அதனால்தான் இன்றைக்கு ஒரு பழைய மாத நாவலை முழுசாக, அட்டையோடு, முதுகு பிய்யாமல் தேடுகிறவருக்குக் கதை கிடைக்கிறது, அட்டை கிடைப்பதில்லை. அட்டை கிடைத்தாலும் அதை வரைந்த கையிலிருந்து இறங்கிய அசல் ஓவியம் கிடைப்பதில்லை. வாசகர், எழுத்தாளர், பத்திரிகைக்காரர், நூலகர், விமர்சகர், பழைய புத்தகம் சேர்ப்பவர் என்று எல்லாரும் இந்தக் காரியத்தில் கூட்டு. காகிதம் மட்டமானது, ஈரக்காற்று, செல்லரித்தது என்று சாக்குச் சொல்லிப் பார்க்கிறோம். அதே வீட்டில் அதே காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் பஞ்சாங்கங்களும் ஜாதக நோட்டுகளும் பத்திரமாகத்தான் இருக்கின்றன.

இந்த எழுத்துக்குத் தமிழில் வயது நூறைத் தாண்டிவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் துப்பறியும் கோவிந்தனைத் தந்த ஜே.ஆர். ரங்கராஜுவும் திகம்பர சாமியாரைத் தந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடை விரித்துவிட்டார்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்திக்கொண்டே 115 நாவல் எழுதினார். 1948இல் ‘கல்கண்டு’ வந்தது. தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். பிறகு ராணி முத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று ஒரு பெரும் வரிசை. சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போல ஆனார்கள். ராஜேஷ்குமார் ஒருவரே 1500க்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். நாவலுக்கு ஓர் அட்டை என்று வைத்தாலும், மறுபதிப்புகளைக் கழித்துவிட்டாலும், ஓர் எழுத்தாளரின் பெயரில் மட்டும் ஆயிரத்தைந்நூறு படங்கள். இவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டா? எந்த அட்டையை யார் வரைந்தார் என்று சொல்லும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டா? கதைப் பட்டியலையே வாசகர்கள் சிலர் தங்கள் பிரியத்துக்காகத் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பைண்டிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டி அலமாரியில் வைத்த சமூகம் நாம். அந்த உழைப்பைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த கோட்டோவியங்களைப் பல குடும்பங்களில் காப்பாற்றிக் கொடுத்தது அந்தக் கோணி ஊசிதான். ஆனால் அந்த வேலையின் முதல் படி என்ன? இதழைப் பிரித்துப் போடுவது. பின்னை நெம்பி எடுத்ததும் முதலில் கழன்று விழுவது அட்டை. அதைத் தூக்கி வைத்தவர்கள் குறைவு. தொடர்கதையின் அத்தனை அத்தியாயமும் இருக்கிற பைண்டில், அதே தொடரின் முதல் வாரத்துக்காகப் பிரத்தியேகமாக வரைந்த அட்டைப்படம் இருக்காது.

நூலக பைண்டரும் இதே பள்ளியில் படித்தவர்தான். ஆறு மாத இதழ்களை ஒரே தொகுதியாகத் தைக்கும்போது அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிட்டால் தடிமன் குறையும், ஓரம் வெட்டச் சுலபம். வெட்டுக் கத்தி ஓவியரின் கையெழுத்து இருக்கும் கீழ் மூலையையும் சேர்த்துக்கொண்டுபோகும். வாடகை நூலகங்கள் வேறு விதம். புத்தகம் நாற்பது கை மாற வேண்டும் என்பதால் அட்டையைப் பிய்த்துவிட்டுப் பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் நம்பர் எழுதி, கதையின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்கள். ரமணிசந்திரன் நாவல்களின் பழைய பிரதிகள் இந்தக் கோலத்தில்தான் கைக்கு வருகின்றன. அவற்றை வாடகைக்கு எடுத்துத் தேய்த்துப் படித்தது நாம்தான். அந்த நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு மூட்டை மூட்டையாக எடைக்குப் போனபோது எட்டிப் பார்க்காதவர்களும் நாம்தான்.

இந்த அலட்சியத்துக்கு வேர் கூச்சத்தில் இருக்கிறது. வறுமையிலோ இடப் பற்றாக்குறையிலோ அது இல்லை. ஆசையோடு படித்ததை ஆசையோடு வைத்துக்கொள்ள நமக்குத் தெரியவில்லை. படித்ததாக வெளியில் சொல்லிக்கொள்ளும் புத்தகம் ஒன்று, உண்மையில் படித்தது இன்னொன்று என்று இரண்டு அலமாரி வைத்திருந்தோம். இரண்டாவது அலமாரி கட்டிலுக்கு அடியில் இருந்தது. விமர்சகர்கள் இதை வணிக எழுத்து என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கினார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒதுக்கிய கையோடு, ஒதுக்கப்பட்டது எப்படி இருந்தது என்று பார்க்கக்கூட ஒரு பிரதி மிச்சமில்லாமல் போனது யாருக்கும் உறைக்கவில்லை. எழுத்தாளர்களிலும் எத்தனையோ பேர் மாத நாவலில் காலூன்றி, பிறகு ‘இலக்கியம்’ பக்கம் நகர்ந்ததும் பழைய தலைப்புகளைத் தங்கள் நூற்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இது நமக்கு முதல் தடவையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை குஜிலிக் கடைத் தெருவிலிருந்து காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகங்கள் வந்தன. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, கள்ளுக்குடியர் பாட்டு, ரயில் விபத்துப் பாட்டு என்று ஊரில் நடந்தது எல்லாம் மட்டக் காகிதத்தில், தடித்த எழுத்தில், ஒரு மரச்செதுக்குப் படத்தோடு முச்சந்தியில் விற்றது. படித்தவர்கள் அதைத் தொடுவதை இழுக்காக நினைத்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதியபோதுதான் நம்மில் பலருக்கு அப்படி ஓர் உலகம் இருந்ததே தெரியவந்தது. அந்தப் புத்தகங்களில் கணிசமானவை தப்பியதற்குக் காரணம் நம் அக்கறை கிடையாது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டப்படி அச்சான எதையும் அரசாங்கத்திடம் பதிந்தாக வேண்டியிருந்தது. அந்த வழியில் லண்டன் வரை போய்ச் சேர்ந்த பிரதிகள் அங்கே தூங்கிக் கிடந்தன. குடிமக்கள் என்ன அச்சடிக்கிறார்கள் என்று கண்காணிக்க நினைத்த காலனி அரசு, தன்னையறியாமல் நமக்கு நூலகராக வேலை பார்த்திருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு நாமே சட்டம் போட்டோம். 1954இன் நூல் வழங்கல் சட்டமும், பருவ இதழ்களைச் சேர்த்த 1956 திருத்தமும், வெளியாகும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கின்றன. மாத நாவலைப் புத்தகம் என்பதா, பத்திரிகை என்பதா என்று நம் பதிப்பாளர்களும் யோசிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அனுப்பியது எத்தனை, அனுப்பாதது எத்தனை என்று கணக்குக் கேட்டு ஒரு மனுக்கூடப் போட்டிருக்க மாட்டோம்.

இனி அசல் ஓவியங்கள். இதைப் பற்றி எழுதும்போதுதான் கொஞ்சம் வயிறு எரிகிறது.

அச்சில் கையகலத்துக்கு வந்த படத்தை ஓவியர் பெரும்பாலும் அதைவிடப் பெரிய அட்டையில், போஸ்டர் கலரிலோ வாட்டர் கலரிலோ வரைந்திருப்பார். தலைப்புக்காக மேலே இடம் விட்டிருப்பார். ஓரத்தில் எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று பென்சிலில் கோடு இருக்கும். பிடிக்காத கையை வெள்ளை பூசி மறைத்து மேலே வேறு கை வரைந்திருப்பார். அச்சில் அது தெரியாது, அசலில் விரலால் தடவினால் மேடு தெரியும். பிளாக் காலத்தில் நான்கு நிறத்துக்கு நான்கு தகடு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டுவார்கள். அதில் தகடு ஒரு நூல் பிசகினாலும் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு இறங்கிவிடும். சிவகாசி ஆப்செட் வந்த பிறகு அந்தப் பிசகு குறைந்தது. ஆனாலும் ஓவியர் கலந்த நீலத்துக்கும் அச்சில் வந்த நீலத்துக்கும் உறவு தூரத்து உறவுதான். ஆகவே ஓவியர் உண்மையில் என்ன வரைந்தார் என்பதற்கு அந்த அசல் ஒன்றே சாட்சி.

அந்தச் சாட்சியை என்ன செய்தோம்? ஓவியர் வீட்டு வாசலில் அலுவலகப் பையன் சைக்கிளை நிறுத்தி வாங்கிக்கொண்டு போவான். படம் பிளாக் செய்பவரிடமோ கேமரா அறைக்கோ போகும். வேலை முடிந்ததும் ஆசிரியர் குழு மேசைக்குத் திரும்பினால் அதிர்ஷ்டம். மேசை நிறைந்தால் பீரோ. பீரோ நிறைந்தால் மொட்டை மாடி அறை. கட்டடம் மாறினால் குப்பை. அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் லேஅவுட் ஒட்டவும் கணக்குப் போடவும் பயன்பட்டது. திருப்பிக் கொடுங்கள் என்று ஓவியரும் வற்புறுத்தவில்லை. அவருக்கு அடுத்த மாதத்து அட்டை காத்திருந்தது; கேட்டால் அந்த அட்டை வேறு ஒருவருக்குப் போய்விடுமோ என்ற பயமும் இருந்திருக்கும். படம் வாங்கினோம், பணம் கொடுத்தோம், தீர்ந்தது என்பதுதான் பத்திரிகைத் தொழிலின் வழக்கம். அச்சிடும் உரிமை வேறு, ஓவியம் என்கிற பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்க நாமும் பழகவில்லை. பத்திரிகையில் வேலை பார்த்த நம்மவர்களில் ஒருவராவது பீரோவைத் திறந்து, இது இன்னார் வரைந்தது, இன்ன மாதம், இன்ன நாவல் என்று பின்பக்கம் குறித்து வைத்திருந்தால் போதும்.

மாருதியை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னைக்கு வந்து சினிமா பேனர் வேலையில் தொடங்கி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வரைந்தவர். அழகான பெண்ணைப் பார்த்தால் ‘மாருதி படம் மாதிரி இருக்கா’ என்று சொல்கிற அளவுக்கு நம் பேச்சிலேயே கலந்துவிட்டவர். 2023 ஜூலையில் புனேயில் காலமானார். அன்றைக்கு எல்லார் கைபேசியிலும் அவர் படங்கள் வலம் வந்தன. வந்தவை அத்தனையும் அச்சுப் பிரதிகளின் நகல். பாதியில் கையெழுத்து வெட்டுப்பட்டிருந்தது. ஜெயராஜ் விஷயம் இன்னும் விசித்திரம். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எப்படி இருப்பார்கள் என்று நமக்குச் சொன்னது எழுத்து பாதி, ஜெயராஜின் கோடு பாதி. சுஜாதாவின் புத்தகங்கள் பதிப்பு மேல் பதிப்பாக வருகின்றன, வாங்குகிறோம். அந்தப் படங்களைக் கேட்டு வாங்குகிறோமா? அட்டைப் பெண்ணின் உடையைப் பற்றி ஆசிரியருக்குக் கோபக் கடிதம் எழுத நம்மிடம் போஸ்ட் கார்டு இருந்தது. வரைந்தவருக்கு ஒரு வரி எழுத இருந்ததில்லை.

இவை எல்லாமே பொக்கிஷம் என்று இப்போது திடீரென்று பாடத் தொடங்கினால் அது வேறு வகைப் பொய். அவசரத்தில் ஒப்பேற்றிய அட்டைகள் ஏராளம். வெளிநாட்டுப் பாக்கெட் புத்தகத்திலிருந்து துப்பாக்கியும் கையுமாக அப்படியே எடுத்துப் போட்டவை உண்டு. கத்திமுனையில் ஒரு பெண், கட்டிலில் ஒரு பெண், கிணற்றடியில் ஒரு பெண் என்று பெண்ணுடலைத் தூண்டிலாக்கியவை உண்டு. பிற்பாடு ஓவியரையே விட்டுவிட்டு, நடிகைகளின் போட்டோவையும் ஹாலிவுட் படத்துண்டையும் வெட்டி ஒட்டிய காலமும் வந்தது. ஆனால் நல்லதைத் தேர்ந்து வைத்துக்கொண்டு கெட்டதை எறிந்தவர்கள் இல்லை நாம், பார்க்காமலே எறிந்தவர்கள். 1960களில் பணக்காரன் வீடு என்றால் என்ன மாதிரி மாடிப்படி, 1970களில் கெட்டவன் என்றால் என்ன மாதிரி காலர், வேலைக்குப் போகும் பெண் என்றால் எந்தத் தோளில் கைப்பை என்பதையெல்லாம் அந்த அட்டைகள் அறியாமலே பதிந்து வைத்தன. நம் பயமும் ஆசையும் எப்படி விற்கப்பட்டன என்று அறிய விரும்பும் ஆராய்ச்சி மாணவிக்கு இன்று காட்ட நம்மிடம் வரிசையாகப் பத்து வருட இதழ்கள் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கேயும் ‘பல்ப்’ எனப்படும் மரக்கூழ்க் காகிதப் பத்திரிகைகளின் அட்டை ஓவியங்களைப் பதிப்பகங்கள் குப்பையில் போட்டன, ஓவியர்களே திரும்பிப் பார்க்கவில்லை. ராபர்ட் லெஸ்ஸர் என்ற தனி மனிதர் யாரும் மதிக்காத காலத்தில் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2003இல் ப்ரூக்ளின் அருங்காட்சியகம் அந்தச் சேகரிப்பைக் கண்காட்சியாக வைத்தது. பிறகு அது நியூ பிரிட்டன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. நம் பக்கத்தில் ஓவியக் கல்லூரிக்கும் பத்திரிகை ஓவியத்துக்கும் இடையே பேச்சுவார்த்தையே கிடையாது.

தமிழ்ப் பல்ப் என்று இதற்கு ஒரு மரியாதையான பெயர் வந்ததுகூட 2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் ஆங்கிலத்தில் ஒரு தொகுதி போட்ட பிறகுதான். ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்தார், ராகேஷ் கன்னா தொகுத்தார். ஆங்கிலத்தில் வந்ததும் நம் வரவேற்பறை மேசைக்கு அது வந்துவிட்டது. கட்டிலடியில் கிடந்த அதே ராஜேஷ்குமார், அதே புஷ்பா தங்கதுரை. அட்டையைப் பின்பக்கம் மடக்க வேண்டிய அவசியம் அப்போது இல்லாமல் போனது எப்படி என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அதனால்தானோ என்னவோ அவருக்கு அச்சடித்த எதுவும் இழிவாகப் படவில்லை. புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் சேர்த்தார். அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பை வாங்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். மொழி அறக்கட்டளையின் துணையோடு 1994இல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது நம் நல்ல காலம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கு அப்போது வேறு வேலை இருந்தது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அங்கே எத்தனை பழைய இதழ் சாம்பலானது என்று நாம் கணக்கெடுக்கவில்லை. கட்டடத்துக்காக மட்டும் வருந்தினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த வழவழ அட்டைகள் ஒன்றோடொன்று பசைபோல ஒட்டிக்கொண்டு, பிரித்தால் வண்ணம் உரிந்து வந்தன. உலருமுன் இடையில் தாள் செருக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

சேகரிப்பாளர்களான நாமும் தப்ப முடியாது. கிழிந்த அட்டைக்கு செலோ டேப் ஒட்டி, அது மஞ்சளித்துக் காகிதத்தையும் தின்றுவிடக் காரணமானோம். துருப்பிடித்த பின்னை எடுக்காமல் விட்டோம். லேமினேஷன் செய்தால் சாசுவதம் என்று நம்பினோம். காமிக்ஸ் வாசகர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ மேல். 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் வரிசையை அட்டை, எண், பதிப்பு என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். மாத நாவல் பக்கம் வந்தால் சுஜாதா பெயர் இருந்தால் விலை, இல்லாவிட்டால் தூக்கிப்போடு என்கிற சந்தைப் புத்திதான். கிடைத்த அரிய இதழை ஸ்கேன் செய்யும்போதும் அட்டையை விட்டுவிட்டோம், அல்லது கறுப்பு வெள்ளையில் எடுத்தோம், அல்லது நம் பெயரைக் குறுக்கே பெரிதாகப் போட்டுக்கொண்டோம். மின்னூலாக மறுபடி வரும் பழைய நாவல்களுக்கு ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு பெண்ணின் புகைப்படம் அட்டையாகிறது. வாங்குகிற நாம் பழைய அட்டை எங்கே என்று கேட்பதில்லை.

நூலகப் பட்டியலில் ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, பக்கம், விலை என்று கட்டங்கள் உண்டு. அட்டை ஓவியருக்குக் கட்டம் இல்லை. அதைச் சேர்த்தாலும் நிரப்ப யாரிடம் கேட்பது? பல அட்டைகளில் கையெழுத்தே கிடையாது. கோணல் கோடு ஒன்றோ, ஓர் எழுத்தோ மூலையில் நிற்கும். அது யார் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் காலத்து பிளாக் தொழிலாளிகள், லேஅவுட் ஆர்ட்டிஸ்டுகள், துணையாசிரியர்கள். வேலையில் இருந்தபோதே அவர்கள் பெயர் இதழில் வந்ததில்லை. ஓய்வு பெற்றவர்களில் பலர் இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு கட்டு பழைய அட்டைகளோடு போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இதுவரை நாம் யாரும் செய்யவில்லை.